முப்பதை அறுபதாக்கிய மதியம்

இந்த வாரமோ அடுத்த வாரமோ உங்கள் மேஜைக்கு முன்னால் ஒரு டாக்டர் வந்து உட்காருவார். நல்லவராக இருப்பார், அவசரத்தில் இருப்பார். "எங்க ஆய்வுக்கு அறுபது நோயாளிங்கதான் கிடைப்பாங்க. எத்தனை பேர் வேணும்னு கணக்குப் போட்டா அறுபது வர்ற மாதிரி சாம்பிள் சைஸ் போட்டுக் குடுத்துடுங்க" என்பார். மருத்துவக் கல்லூரியின் புள்ளியியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

நான் மாற்றியிருக்கிறேன். என் வேலைக்காலத்தில் எத்தனையோ தவறுகள் செய்தேன். பெரும்பாலானவற்றை யாராவது பார்த்துத் திருத்திவிட்டார்கள். இதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் இன்று இவ்வளவு நீளமாகப் பேச வேண்டியிருக்காது.

நான் கோலார் தங்கச் சுரங்கப் பக்கம் கோரமண்டலில் குடியிருந்தபடி தினமும் ரயிலில் பெங்களூர் போய் வந்தவள். ஸ்டெல்லாவுக்கும் எங்கள் ஊர்தான். பங்காருப்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் பிசியோதெரபிஸ்ட். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம், வேலை முடிந்து வந்து, சர்ச் ஹாலில் ஒரு வகுப்பு நடத்துவாள். வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். தூசி நெஞ்சில் தங்கிப்போய், கடைக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவர்கள். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடுவது, தண்ணீர் பாட்டிலுக்குள் ஸ்ட்ரா போட்டு ஊதுவது, கை காலுக்குச் சில பயிற்சிகள், அவ்வளவுதான் வகுப்பு. "தூசி போகாது அக்கா. ஆனா இருக்கற மூச்சை வெச்சு இன்னும் கொஞ்ச தூரம் நடக்கலாம்" என்பாள்.

எங்கள் கல்லூரியில் நெஞ்சு நோய்ப் பிரிவு டாக்டர் ஒருவருக்கு இதைப் பற்றி நான்தான் சொன்னேன். அவர் ஆர்வமாகிவிட்டார். ஒரு டிரஸ்டிடம் பேசினார். முறையாக ஓர் ஆய்வு செய்து பலன் இருக்கிறது என்று காட்டினால், இன்னும் நாலைந்து இடங்களில் இதே வகுப்பை நிரந்தரமாக நடத்துவதாக டிரஸ்ட் ஒப்புக்கொண்டது. ஸ்டெல்லா அன்றைக்கு எனக்கு போன் செய்து சிரித்துக்கொண்டே இருந்தாள்.

டிரஸ்டுக்கு விண்ணப்பம் போக வேண்டிய நாள் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். இரண்டு மணிக்கு டாக்டரும் ஸ்டெல்லாவும் என் அறையில் இருந்தார்கள். ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதை வைத்துப் பலனை அளப்பது என்று முடிவாகியிருந்தது. டாக்டரிடம் கேட்டேன்.

"எத்தனை மீட்டர் கூடினா நோயாளிக்கே அது தெரியும் சார்?"

"முப்பது கூடினா நல்லாவே தெரியும்" என்றார் அவர்.

முப்பதைப் போட்டேன். இருநூற்று இருபத்து நாலு பேர் வேண்டும் என்று வந்தது.

டாக்டர் சிரித்துவிட்டார். "டிரஸ்ட் அறுபதுக்கு மேல ஒத்துக்காது மேடம்."

ஸ்டெல்லாவின் முகம் சுருங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் மட்டும் அவளும் என்னை மேடம் என்பாள். "இருநூத்து இருபத்து நாலு பேருக்கு ஆறு மாசம் நான் ஒருத்தி எப்படி மேடம் கிளாஸ் எடுப்பேன்?"

டாக்டர் மேஜையின் மேல் சாய்ந்தார். "முப்பது மீட்டருக்குப் பதிலா அறுபது மீட்டர்னு போட்டுப் பாருங்களேன்."

எதிர்பார்க்கும் வித்தியாசத்தை இரண்டு மடங்காக்கினால், தேவைப்படும் ஆட்கள் கால் பங்காகிவிடுவார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஐம்பத்தாறு என்று வந்தது. நடுவில் நின்றுவிடுகிறவர்களுக்காக நாலு பேரைச் சேர்த்தால் அறுபது. "பாத்தீங்களா!" என்றார் டாக்டர்.

அடுத்த அறையில் எங்கள் துறைத் தலைவர் இருந்தார். நான் எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். சாம்பிள் சைஸ் கேட்டு வருகிறவர்களிடம் அவர் எப்போதும் ஒரு கேள்வி கேட்பார்: "எவ்வளவு சின்ன பலனைத் தவறவிட்டா உங்களுக்கு வருத்தமா இருக்கும்?" அதற்குப் பதில் வராமல் பேனாவை எடுக்க மாட்டார். அந்த மதியம் எங்கள் ஆய்வில் அதற்குப் பதில் முப்பது மீட்டர். டாக்டரே சொல்லியிருந்தார். எனக்கு அது தெரிந்ததால்தான் நான் எழுந்து போகவில்லை.

மூச்சுத் திணறுகிற வயதான ஒருவர் பயிற்சியினால் மட்டும் அறுபது மீட்டர் கூடுதலாக நடப்பார் என்று நான் நம்பினேனா என்றால், இல்லை. ஆனால் எதிரில் ஸ்டெல்லா இருந்தாள். விண்ணப்பம் போகாவிட்டால் அவள் கனவு அந்த அறையிலேயே முடிந்துவிடும். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து அறுபது மீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு ஆதாரமாக ஒரு வரி வேண்டும் இல்லையா? "முன் அனுபவத்தின் அடிப்படையில்" என்று எழுதினேன். அப்படி ஓர் அனுபவம் யாருக்கும் கிடையாது.

அன்றைக்கே வேறு வழிகள் இருந்தன. இது முதல் கட்ட முயற்சி, இதிலிருந்து முடிவு எடுக்கக்கூடாது என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கலாம். அறுபது பேரை வைத்துப் பெரிய வித்தியாசத்தை மட்டும்தான் பிடிக்க முடியும், முப்பது மீட்டர் உண்மையாகவே கூடினாலும் மூன்று தடவைக்கு இரண்டு தடவை நம் ஆய்வு அதைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடும் என்று ஒரு பத்தி சேர்த்திருக்கலாம். டிரஸ்ட் மறுத்திருக்கலாம்; ஒத்துக்கொண்டும் இருக்கலாம். நான் கேட்கவே இல்லை.

ஆய்வு தொடங்கியது. புதிதாக அறுபது பேரைச் சேர்த்தோம். சீட்டு எடுத்து, பாதிப் பேர் வகுப்புக்கு, பாதிப் பேர் காத்திருப்புக்கு. காத்திருப்பவர்களுக்கு ஆறு மாதம் கழித்து வகுப்பு என்று சொல்லியிருந்தோம்.

வகுப்புக்கு வந்தவர்களில் முனிரத்தினம் என்று ஒருவர். சுரங்கத்தில் துளை போடும் மிஷினில் இருந்தவர். என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வகுப்பில் சொன்னதோடு நிற்காமல், காலையில் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு வந்து பிளாட்பாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்க ஆரம்பித்தார். நான் ரயிலுக்கு நிற்கும்போது தாண்டிப் போவார். "இன்னாமா, இன்னிக்கும் வண்டி லேட்டா?" என்று கேட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது பதில் வாங்கிக்கொள்வார்.

நான் கணக்கில் சேர்க்காத விஷயங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சிலர் மகனோடு இருக்கப் பெங்களூர் போனார்கள். ஒருவர் மகள் வீடு பூதிகோட்டையில் என்று அங்கேயே தங்கிவிட்டார். கடைசி அளவு எடுக்கும்போது ஐம்பது பேர் மிஞ்சினார்கள். இன்னொன்று எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. காத்திருக்க வேண்டிய ஒருவரை ஸ்டெல்லா தெருவில் பார்த்திருக்கிறாள். வகுப்புக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து உட்கார்ந்து ஸ்ட்ராவில் ஊதிக்கொண்டிருந்தாராம்.

"நீங்க இன்னும் ஆரம்பிக்கக் கூடாதே தாத்தா?" என்று இவள் கேட்க, "அவன் ஊதறான், நான் சும்மா பாத்துகினு இருக்கணுமா? எனக்கும் நெஞ்சு தானே கீது?" என்றாராம்.

நானும் ஸ்டெல்லாவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒரே வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்தால் இதுதான் நடக்கும். இரண்டு பக்கமும் பயிற்சி செய்தால் வித்தியாசம் இன்னும் சுருங்கும். ஏற்கெனவே போதாத ஆட்கள் இன்னும் போதாமல் போவார்கள். சிரிக்கும்போதே எனக்கு அது உறைத்திருக்க வேண்டும்.

முடிவு வந்தது. வகுப்புக்கு வந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக இருபத்தெட்டு மீட்டர் கூடுதலாக நடந்திருந்தார்கள். கிட்டத்தட்ட டாக்டர் சொன்ன முப்பது! ஆனால் ஐம்பது பேரை வைத்துப் பார்த்தால், உண்மையான வித்தியாசம் பதினேழு மீட்டர் குறைவதிலிருந்து எழுபத்து மூன்று மீட்டர் கூடுவதுவரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பலன் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள். நான் அறிக்கையில் எழுதியது நாம் எல்லோரும் வழக்கமாக எழுதும் வாக்கியம்: "இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை."

டிரஸ்ட் அலுவலகத்தில் கூட்டம். திட்ட அதிகாரி பொறுமையானவர். அறிக்கையை உண்மையாகவே படித்துவிட்டு வந்திருந்தார். "வித்தியாசம் இல்லைன்னு போட்டிருக்கீங்க. அப்போ இந்தப் பயிற்சியால பிரயோஜனம் இல்லைன்னு எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். ஸ்டெல்லாவும் என்னைப் பார்த்தாள்.

இல்லை சார், அப்படி எடுத்துக்கக் கூடாது என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஏன் என்று கேட்பார். ஆட்கள் போதாது என்பேன். அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்: "ஐம்பத்தாறு பேர் போதும்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?" அந்த ஒரு கேள்வியை என்னால் எதிர்கொள்ள முடியவில்லை.

"புள்ளியியல்படி வித்தியாசம் தெரியலை சார்" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதிகாரி குறித்துக்கொண்டார். பக்கத்தைத் திருப்பினார். நாலைந்து இடங்களில் வகுப்பு என்ற பேச்சு அதோடு முடிந்தது.

திரும்பும் ரயிலில் ஸ்டெல்லா என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பங்காருப்பேட்டை தாண்டியதும் பெட்டியில் கூட்டம் குறைந்தது.

"அக்கா, அப்போ நான் இத்தனை வருஷமா சொல்லிக் குடுத்ததெல்லாம் சும்மாவா?"

"டேட்டா அப்படித்தான் சொல்லுது ஸ்டெல்லா" என்றேன்.

முப்பதை அறுபதாக்கியதைக்கூட நான் ஒருவேளை மன்னித்துக்கொள்வேன். ரயிலில் சொன்ன இந்த வாக்கியத்தை மன்னிக்க முடியவில்லை. அங்கே டிரஸ்ட் அதிகாரி இல்லை. டாக்டர் இல்லை. என்னை நம்பிய ஒருத்தி மட்டும்தான் இருந்தாள்.

அவள் நேர்மையானவள். பலன் இல்லை என்று தெரிந்த பிறகு வயதானவர்களை வரவழைத்துச் சிரமப்படுத்துவது தவறு என்று நினைத்தாள். ஆய்வுக்கு முன்பிருந்தே நடத்தி வந்த தன் வகுப்பையும் நிறுத்தினாள். காத்திருந்தவர்களுக்கு வகுப்பு கிடையாது என்று சொன்னாள். வீடு வீடாகப் போய், "இதுல பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்சுடுச்சு, இனிமே கஷ்டப்பட்டுச் செய்ய வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சில நாள் கழித்து முனிரத்தினம் ஸ்டேஷனில் என் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னாமா, நம்ம டெஸ்ட்ல ஒண்ணுமே இல்லன்னு வந்துச்சாமே?"

"ஆமாண்ணா, அப்படித்தான் வந்துச்சு."

"சரி வுடு. உன்மேல இன்னா தப்பு? நானும், கால் நோவுதே, நெஞ்சு அடைக்குதேன்னு பாத்துகினே தான் நடந்தேன். இனிமே அந்தத் தொல்ல இல்ல."

ரயில் வந்தது. ஏறிவிட்டேன்.

அதன் பிறகு அவர் பிளாட்பாரத்துக்கு வருவது குறைந்தது. வந்தாலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மறு வருடம் ஸ்டேஷனுக்கு வருவதே நின்றுபோனது. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பேன். பிறகு நாற்காலியும் இல்லை. நான் ஓய்வு பெற்ற வருடம் அவர் இறந்துபோனார். பயிற்சியை விட்டதால்தான் இப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை. அவருடைய நோய் தானாகவே கூடிக்கொண்டு போகிற நோய். ஒரே ஒருவரை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று வாழ்க்கை முழுவதும் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனாலும் தினமும் காலையில் அந்தத் தெரு வழியாகத்தானே நடந்தேன்.

ஓய்வு பெற்றதும் இதெல்லாம் மனதின் அடியில் போய்விடும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தாள். எதையோ பேசிக்கொண்டிருந்தவள், நடுவில் சாதாரணமாகச் சொன்னாள்:

"கோலார்ல ஒரு டாக்டர் இதே மாதிரி மூச்சுப் பயிற்சி கிளாஸ் ஆரம்பிக்கலாம்னு என்னைக் கூப்பிட்டாரு அக்கா. 'வேணாம் சார், நாங்க முறையா டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு, பிரயோஜனம் இல்ல'ன்னு சொல்லிட்டேன். பாவம், அவரும் சரின்னு விட்டுட்டாரு."

நான் எழுதிய ஒரு வரி, நான் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், என் பெயர்கூடத் தெரியாத ஊர்களில் வகுப்புகளைத் தொடங்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குச் சொன்னேன். முப்பதையும் அறுபதையும் சொன்னேன். இருபத்தெட்டு மீட்டர் என்பது என்ன என்று சொன்னேன். கூட்டத்தில் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்பதையும் சொன்னேன்.

"இருநூத்து இருபத்து நாலு முடியாதுன்னு சொன்னது நானும்தான்" என்றாள் ஸ்டெல்லா கடைசியில். "ஆனா அதுக்கு இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ட்ரெய்ன்ல கேட்டேன் இல்லக்கா? அங்கயாவது சொல்லியிருக்கலாமே."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு வீடா ஏறிப் போய் நான் வேணாம்னு சொன்னேன். என் வாயால."

எழுந்து போய்விட்டாள். நாலு நாள் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவளே கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை, நெருக்கமும் இல்லை. "கோலார் டாக்டருக்கு நான் தப்பா சொல்லிட்டேன். அதைத் திருத்தணும். என்ன நடந்ததுன்னு எழுதிக் குடுங்க."

ஒரு பக்கத்தில் எழுதினேன். எந்த எண்ணை ஏன் மாற்றினேன், முடிவை எப்படிப் படித்திருக்க வேண்டும் என்று. எங்கள் டாக்டருக்கும் டிரஸ்டுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். டாக்டர் போன் செய்து, "இப்ப எதுக்கு மேடம் இதெல்லாம்? எல்லாரும் இப்படித்தானே போடறாங்க" என்றார். டிரஸ்டிலிருந்து பதில் இல்லை. கோலார் டாக்டர் மட்டும் ஸ்டெல்லாவை மறுபடி வரச்சொன்னார். அங்கே இப்போது வகுப்பு நடக்கிறது. அதில் பலன் உண்டா என்று கேட்டால் எனக்கு இன்னும் தெரியாது. பெங்களூரில் இரண்டு ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து, போதுமான ஆட்களை வைத்து, முறையாகப் பார்க்கப்போவதாக அவர் சொல்லியிருக்கிறார்.

போனை வைக்கும் முன் ஸ்டெல்லா இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "நான் போய்ச் சொன்ன வீட்டுக்கெல்லாம் மறுபடி போகணும். நீங்களும் வர்றீங்க."

போனோம். பாதி வீடுகளில் ஆள் உயிரோடு இல்லை. இருந்தவர்களில் சிலருக்கு அப்படி ஒரு வகுப்பு நடந்ததே மறந்துபோயிருந்தது. இரண்டு மூன்று பேர், "அப்ப மறுபடி ஊதலாமா?" என்று கேட்டு, ஸ்டெல்லாவை உட்கார வைத்து, எப்படி என்று மறுபடி செய்துகாட்டச் சொன்னார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "படிச்சவங்க இப்படித்தான், இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று நான் சொன்னேன். அவர்தான் இல்லையே. ஸ்டெல்லா கேட்கவில்லை. "அவங்க வீட்டம்மாகிட்டயும் நான்தான் சொன்னேன்" என்றாள்.

முனிரத்தினத்தின் மனைவி கனகம்மா எங்களை உட்கார வைத்தார். நான் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். பயிற்சியில் பலன் இல்லை என்று நாங்கள் சொன்னது தவறு, இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் அளவுக்கு நாங்கள் பார்க்கவில்லை, அந்தத் தவறு என்னுடையது என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கிளாஸ் நின்ன பிறகும் அவரு வீட்டுல செய்யணும்னு தான் சொன்னாரு. நான் தான் வுடல. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே, இன்னாத்துக்கு உடம்ப நோவ வெச்சுக்கினு இருக்கேன்னு சண்ட போட்டேன்."

இது நான் நினைத்துப் பார்க்காதது. என் தவறைச் சொல்லிப் பாரத்தை இறக்கி வைக்க வந்தவள், அதைக் கொண்டுபோய் அந்த அம்மாவின் தலையில் வைத்துவிட்டேன்.

"நீங்க நம்பினது நான் எழுதினதம்மா. உங்க மேல தப்பே இல்ல" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. "செஞ்சிகினு இருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரா?"

"தெரியலம்மா. நிஜமாவே தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"இந்தத் தெரியாதுன்ற வார்த்தைய அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் குறுக்க நின்னிருக்க மாட்டேன்மா. அவரும் அவரு பாட்டுக்குச் செஞ்சிகினு இருந்திருப்பாரு. அதுல அவருக்கு ஒரு சந்தோஷம்."

ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் எழுந்தோம். பட்டியலில் இன்னும் ஐந்து வீடுகள் இருந்தன.